புள்ளி விழுதா, கட்டம் உடையுதா: சிக்னல் கோளாறை அறிகுறி பார்த்துப் பிடிக்கும் வழி

பாலிடெக்னிக் முடித்துவிட்டு கேபிள் வேலைக்கோ கேமரா வேலைக்கோ வருகிற பையன்களிடம் அனலாக் என்றால் என்னவென்று கேட்டால், வளைந்து வளைந்து ஓர் அலையை வரைந்து காட்டுவார்கள். டிஜிட்டலுக்குக் கோட்டைச் சுவர் மாதிரி மேடும் பள்ளமுமாக ஒரு கோடு. பரீட்சைக்கு அது போதும். மொட்டை மாடியில் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் படம் எதற்கும் உதவாது. ஏனென்றால் கம்பிக்கு டிஜிட்டல் தெரியாது. அதில் ஓடுவது ஏறி இறங்கும் மின்னழுத்தம், அவ்வளவுதான். செட்டாப் பாக்ஸுக்கு வரும் கம்பியை அலைக்காட்டியில் மாட்டிப் பார்த்தால் ஒன்றும் பூஜ்யமும் தெரியாது; வெறும் இரைச்சல் போன்ற ஒரு குழப்பம்தான் தெரியும்.

வித்தியாசம் இருப்பது வாங்குகிற இடத்தில். அனலாக் டிவி, வந்த அலை எப்படி இருக்கிறதோ அப்படியே திரையில் வரைந்துவிடும். வழியில் பட்ட அடியும் சேர்ந்தே வரும். டிஜிட்டலில் அனுப்புபவரும் வாங்குபவரும் முன்கூட்டியே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள்: "இந்த 64 நிலைகளில் ஒன்றை மட்டும்தான் அனுப்புவேன்." வந்தது கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் பெட்டி பக்கத்தில் இருக்கும் நிலையை எடுத்துக்கொண்டு, நசுங்கலைத் துடைத்துப் போட்டுவிடும். நசுங்கல் பாதி வழியைத் தாண்டினால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிவிடும்.

ஆகவே அனலாகில் இருந்த கோளாறுகள் அத்தனையும் டிஜிட்டலிலும் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன, அவ்வளவே. அதனால்தான் கேபிளில் அனலாக் ஒழிந்து இத்தனை வருடம் ஆன பிறகும், புதிதாகக் கற்பவர்களுக்கு நான் பழைய அனலாக் படத்தைக் காட்டியே சொல்லித் தருகிறேன். கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியிலும் முதலில் அனலாக் முகம், பிறகு அதன் டிஜிட்டல் வேஷம். பழைய கண்காணிப்பு கேமரா, எஃப்எம் ரேடியோ, மைக் செட் எதுவானாலும் அனலாக் முகத்தை இன்றும் பார்க்கலாம்.

கணக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். டெசிபெல் என்பது ஒரு சிக்னல் இன்னொன்றைவிட எத்தனை மடங்கு என்று சொல்லும் அளவு. 3 டெசிபெல் குறைந்தால் திறன் பாதி. 10 குறைந்தால் பத்தில் ஒன்று. 20 குறைந்தால் நூறில் ஒன்று. ஒரு கம்பியின் சிக்னலைப் பல கம்பிக்குப் பிரித்துக் கொடுப்பது ஸ்ப்ளிட்டர். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று சுமார் 3.5 டெசிபெல் விழுங்கும், நான்கு வழி ஸ்ப்ளிட்டர் 7. 75 ஓம் கம்பியில் 1 மில்லிவோல்ட்டை 60 டெசிபெல் மைக்ரோவோல்ட் என்போம். கேபிள் மீட்டரில் வரும் எண் இதுதான்.

படம் முழுக்கப் புள்ளி, "கொசு பறக்குது"

சிக்னல் பலவீனம். இதை எல்லாரும் சொல்லிவிடுவார்கள். எதோடு ஒப்பிட்டுப் பலவீனம் என்பதுதான் பாடம்.

சூடாக இருக்கும் எந்தப் பொருளிலும் எலக்ட்ரான்கள் சும்மா இருப்பதில்லை. அந்த அலைச்சல் ஓர் இரைச்சலாக வெளிவரும். 1920களின் பிற்பாதியில் பெல் ஆய்வகத்தில் ஜான்சன் அதை அளந்தார், நைக்விஸ்ட் கணக்குப் போட்டுக் காட்டினார். அறை வெப்பத்தில், 75 ஓம் கம்பியில், ஒரு டிவி சேனலின் 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குள் மட்டும் இந்த இரைச்சல் ஏறக்குறைய 1.5 மைக்ரோவோல்ட் இருக்கும். காசு கொடுத்தாலும் இதை ஒழிக்க முடியாது. டிவியின் சொந்த இரைச்சல் இதன்மேல் ஏறி உட்காரும். அனலாக் படம் சுத்தமாகத் தெரிய, சிக்னல் இந்த இரைச்சலைவிட 43 டெசிபெலாவது உயரத்தில் நிற்க வேண்டும். 35க்கு இறங்கினால் மெல்லிய புள்ளி. 25இல் கொசுக் கூட்டத்துக்குப் பின்னால் ஆள் நடமாட்டம்.

1980களில் தென் கடற்கரை ஊர்களில் இலங்கை ரூபவாஹினியை எட்டிப் பிடிக்க வீட்டைவிட உயரமாகக் கம்பம் நட்டு ஆன்டெனா கட்டியது பலருக்கும் நினைவிருக்கும். சில ராத்திரி கண்ணாடி போல் படம், மறுநாள் வெறும் கொசு. ஆன்டெனாவை ஒருவர் திருப்ப, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போச்சு" என்று இன்னொருவர் கீழிருந்து கத்துவார். கடல்மேல் காற்றின் வெப்பமும் ஈரமும் அடுக்கடுக்காக நிற்கும் நாள்களில் அலை அந்த அடுக்குக்குள் மாட்டி வெகுதூரம் வழுக்கிக்கொண்டு வரும்; அடுக்கு கலைந்தால் படமும் கலையும். ஆன்டெனா மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றைக்குச் செய்த தப்பு ஒன்று இன்றும் நடக்கிறது: பூஸ்டரை டிவிக்குப் பக்கத்தில் மாட்டுவது. மேலிருந்து 30 மீட்டர் கம்பியில் இளைத்து, இரைச்சலோடு தோளுரசிக்கொண்டு வந்த சிக்னலை பூஸ்டர் பெருக்கினால் இரைச்சலும் சேர்ந்தே பெருகும். விகிதம் மாறாது. பூஸ்டரின் சொந்த இரைச்சல் கூடுவதால் ஒரு படி மோசமாகவும் ஆகும். பூஸ்டர் ஆன்டெனா காலடியில் இருக்க வேண்டும், இளைப்பதற்கு முன்னால். டிஷ்ஷில் எல்என்பியை, அதாவது சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் சிறு பெட்டியை, கிண்ணத்தின் முகத்திலேயே வைத்திருப்பதற்கும் இது ஒரு காரணம்.

டிஜிட்டல் வேஷம்: இதே இரைச்சல் கேபிளில் வந்தால் புள்ளி விழாது. மேலே சொன்ன 64 நிலை ஒப்பந்தத்துக்கு 64 குவாம் என்று பெயர். அதற்கு 28, 30 டெசிபெல் விகிதம் கிடைத்தாலே படம் பளிச். 40 இருந்தாலும் பளிச், 30 இருந்தாலும் அதே பளிச். 28க்கும் கீழே இன்னும் மூன்று, நான்கு டெசிபெல் இறங்கட்டும், ஒன்றுமே இருக்காது. வாடிக்கையாளர் "நேத்து வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். பொய் இல்லை. ஆனால் கம்பி போன மழைக்காலத்திலிருந்தே செத்துக்கொண்டிருந்தது. படம் மட்டும் கடைசி நாள் வரை சிரித்துக்கொண்டிருந்தது.

செய்ய வேண்டியது: படத்தைப் பார்க்காதீர்கள். பாக்ஸின் சிக்னல் பக்கத்தைத் திறந்து, பலம், தரம் என்ற இரண்டு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்ப்ளிட்டராகப் பின்னோக்கிப் போங்கள். தரம் திடீரென்று ஏறும் இடத்துக்கும் அதற்கு முன்பு பார்த்த இடத்துக்கும் நடுவில் இருக்கிறது கோளாறு.

சில சேனல் மட்டும் போகிறது, மற்றவை நன்றாக இருக்கின்றன

எனக்குப் பிடித்த அறிகுறி இது. கோளாறு தானாகவே முகவரியைச் சொல்லிவிடுகிறது.

டிஜிட்டல் கேபிளில் ஒரு சேனல் என்பது ஓர் அலைவரிசை இல்லை. ஒரே 8 மெகாஹெர்ட்ஸ் பெட்டிக்குள் பத்துக்கு மேற்பட்ட சேனல்கள் அடைத்து வைக்கப்பட்டிருக்கும். நொடிக்கு 68.75 லட்சம் குறியீடு, ஒவ்வொன்றிலும் 6 பிட், ஆக 41.25 மெகாபிட்; பிழை திருத்தத்துக்கான பங்கு போக 38 மெகாபிட் மிஞ்சும். அதைத்தான் அத்தனை சேனலும் பங்கு போட்டுக்கொள்கின்றன. எனவே ஒரு செய்திச் சேனல், ஒரு பாட்டுச் சேனல், ஒரு பக்திச் சேனல் மூன்றும் ஒன்றாக உடைந்தால், ரிமோட்டில் எண் எவ்வளவு தள்ளித் தள்ளி இருந்தாலும், மூன்றும் ஒரே பெட்டியில் குடியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். போகிற சேனல்களின் அலைவரிசையைப் பாக்ஸின் தகவல் பக்கத்திலிருந்து ஒரு துண்டுத்தாளில் எழுதுங்கள். மூன்று விதமாக வரும்.

உயர்ந்த அலைவரிசைகள் மட்டும் போனால் கம்பி நீளம், அல்லது கம்பிக்குள் தண்ணீர். கம்பியின் இழப்பு அலைவரிசையோடு ஏறும். வீடுகளுக்கு இழுக்கும் ஆர்ஜி-6 வகைக் கம்பியில் 50 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 100 மீட்டருக்கு 5 டெசிபெல் போனால், 1000 மெகாஹெர்ட்ஸ் பக்கம் 20ஐத் தாண்டும். ஈரம் புகுந்தால் இந்தச் சரிவு இன்னும் செங்குத்தாகும். கனெக்டரைக் கழற்றி மேல்தோலைச் சீவிப் பாருங்கள். செம்போ அலுமினியமோ, நடுக்கம்பியைச் சுற்றி வலைபோல் ஓடும் பின்னல் கறுத்துப் பொடியாக உதிர்ந்தால் அந்தக் கம்பிக்கு மருந்து கிடையாது. பின்னல் பளபளப்பாகும் வரை வெட்டிக்கொண்டே போங்கள். இரண்டு மீட்டர் வெட்டியும் கறுப்பு என்றால் முழுக் கம்பியையும் மாற்றுங்கள்.

தாழ்ந்த அலைவரிசைகள் போய், உயர்ந்தவை மட்டும் வந்தால் பலருக்கும் குழம்பும். நடுக்கம்பி எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டரில் எட்டாமல் நிற்கிறது. அறுந்த இரண்டு முனையும் மயிரிழை தூரத்தில் நின்றால் அது ஒரு கெப்பாசிட்டர். உயர் அலைவரிசை அதைத் தாண்டிக் குதித்துவிடும், தாழ்ந்தது குதிக்காது. நடுக்கம்பி கனெக்டர் விளிம்பைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டராவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று கத்துவது இதற்காகத்தான்.

நடுவில் ஒரு துண்டு மட்டும் காணாமல் போனால் எதிரொலி. அது அடுத்த தலைப்பு.

டிஷ் வைத்திருப்பவர்களுக்கு இதே அறிகுறியில் இன்னொரு காரணம் உண்டு. எல்என்பிக்கு எந்தப் பக்க அலையை (செங்குத்தாக அசைவதையா, கிடையாக அசைவதையா) எடுக்க வேண்டும் என்பதை பாக்ஸ் வோல்ட் மூலமாகத்தான் சொல்கிறது: ஒன்றுக்கு 13 வோல்ட், மற்றதற்கு 18. கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் தொனி இருந்தால் மேல் பட்டை, இல்லையென்றால் கீழ்ப் பட்டை. கம்பி மிக நீளம், அல்லது கனெக்டரில் துரு என்றால் பாக்ஸ் 18 அனுப்ப, மேலே 15 போய்ச் சேரும். எல்என்பி அதை 13 என்று எடுத்துக்கொள்ளும். பாதி சேனல் காலி. டிஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்து ஒரு நாளை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும். அதில் ஒருவன் நான். மீட்டரை எல்என்பி முனையில் வையுங்கள், பாக்ஸ் முனையில் இல்லை.

ஒவ்வோர் உருவத்துக்கும் பக்கத்தில் நிழல்

செய்தி வாசிப்பவருக்கு வலப்பக்கம் மங்கலாக இன்னொரு செய்தி வாசிப்பவர். ஒரே அலை இரண்டு வழியில் வந்து, இரண்டாவது தாமதமாகச் சேருகிறது. எவ்வளவு தாமதம் என்பதை ஸ்கேலை எடுத்துத் திரையிலேயே அளக்கலாம். அனலாக் நம்மிடமிருந்து எதையும் மறைக்காது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

நம் நாட்டு அனலாக் டிவி படத்தை இடமிருந்து வலமாகக் கோடு கோடாக வரைந்தது. ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ நொடி. அதில் கண்ணுக்குத் தெரிவது 52. திரை 40 சென்டிமீட்டர் அகலம் என்றால் 1 சென்டிமீட்டர் என்பது 1.3 மைக்ரோ நொடி. காற்றில் அலை ஒரு மைக்ரோ நொடிக்கு 300 மீட்டர் போகும். ஆக நிழல் 1 சென்டிமீட்டர் தள்ளி விழுந்தால், இரண்டாவது அலை ஏறக்குறைய 390 மீட்டர் கூடுதலாகச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறது. தண்ணீர்த் தொட்டியா, கோபுரமா, புதிதாக எழுந்த அடுக்குமாடியா, பாறையா என்று மாடியில் நின்று கண்ணாலேயே தேடலாம்.

கம்பிக்குள் நடப்பது இன்னும் குறுகலான கதை. 75 ஓம் கம்பி 75 ஓமில் முடிந்தால் சிக்னல் முழுவதையும் எதிர்முனை வாங்கிக்கொள்ளும். ஸ்ப்ளிட்டரில் ஒரு வாய் சும்மா திறந்து கிடந்தாலோ, கம்பியை ஆணி நசுக்கியிருந்தாலோ, அங்கே போன அலை சுவரில் பட்ட பந்து மாதிரி திரும்பும். 20 மீட்டர் கம்பியில் போய் வர 0.16 மைக்ரோ நொடி. திரையில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம். தனி நிழலாகத் தெரியாது, விளிம்பெல்லாம் மெழுகு உருகியதுபோல் மொழுக்கென்று தெரியும். "பிக்சர் ஷார்ப்பா இல்ல" என்று அன்றைக்கு வாடிக்கையாளர் சொன்னது பல நேரம் இதைத்தான்.

நிழல் இடப்பக்கம் விழுந்தால்? அசல் வருவதற்கு முன்பே நிழல் வருவதா என்று முதல்முறை பார்த்தபோது எனக்கும் திகைப்பு. அனலாக் காலத்தில், கேபிள் வீட்டில், பக்கத்தில் டிவி கோபுரம் இருந்த ஊரில் இது நடந்தது. கோபுரத்து அலை காற்றில் நேராக டிவிக்குள் நுழைந்துவிடுகிறது. கேபிள் சிக்னல் ஊரைச் சுற்றி, கம்பியில் மெதுவாக நடந்து, பின்னால் வருகிறது. காரணம் கம்பிப் பின்னலில் எங்கோ ஓட்டை, அல்லது கனெக்டர் தளர்வு.

டிஜிட்டல் வேஷம்: நிழல் விழாது. ஒரு குறியீடு 0.145 மைக்ரோ நொடிதான் நிற்கிறது. அதற்குள் முந்தைய குறியீட்டின் எதிரொலி வந்து மேலே ஏறினால், பெட்டி படிக்கும் எழுத்து கலங்கும். ஒருவர் பேசுவதன்மேல் அவருடைய போன வாக்கியமே மண்டபத்துச் சுவரில் பட்டுத் திரும்பி விழுவதுபோல. பாக்ஸுக்குள் இருக்கும் சமன்செய்யும் சுற்று இந்த எதிரொலியைக் கணித்துக் கழித்துவிடும். அதற்கும் ஓர் எல்லை உண்டு. அறிகுறி: பலம் எண் அருமையாக இருக்கும், தரம் எண் மட்டும் படுத்திருக்கும். இந்த நிலையில் பூஸ்டர் போடுவதில் ஒரு பயனும் இல்லை. திறந்து கிடக்கும் வாய்களில் 75 ஓம் மூடியைத் திருகுங்கள். பத்து ரூபாய் மூடி செய்யும் வேலையை ஆயிரம் ரூபாய் பூஸ்டர் செய்யாது.

பழைய அனலாக் கேமராவில் இந்த 75 ஓம் விஷயம் இன்னும் அப்பட்டமாகத் தெரியும். முனையில் 75 ஓம் இல்லையென்றால் படம் வெளுத்து எரியும். ஒரே கேமராவை இரண்டு கருவிக்குக் கொடுத்து இரண்டிலும் 75 ஓம் போட்டுவிட்டால் படம் இருண்டுவிடும்.

திரையில் பட்டை மேலேறுகிறது, ஸ்பீக்கரில் "உம்ம்ம்"

பட்டைகளை எண்ணுங்கள். ஒரு பட்டை என்றால் 50 ஹெர்ட்ஸ், நேராக மின்வாரியத்திலிருந்து வருகிறது: எர்த் சுற்று. இரண்டு பட்டை என்றால் 100 ஹெர்ட்ஸ்: ஏசியை டிசியாக மாற்றிய பிறகு மிஞ்சிய அலை, அதாவது ஏதோ ஒரு பவர் சப்ளையில் வடிகட்டிக் கெப்பாசிட்டர் காய்ந்துவிட்டது. மீட்டரை எடுக்கும் முன்பே பாதி நோய் பிடிபட்டாயிற்று. பட்டை ஏன் மெதுவாக நகர்கிறது என்றால், திரை நொடிக்கு 50 முறை வரைகிறது, மின்சாரமும் கிட்டத்தட்ட 50, ஆனால் சரியாக 50 இல்லை. அந்தத் துளி வித்தியாசம்தான் நகர்வு.

எர்த் சுற்று என்பது: கேமராவுக்கு வாசல் பிளக்கில் ஓர் எர்த், ரெக்கார்டருக்கு ஆபீஸ் அறையில் வேறோர் எர்த். இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லை. நடுவில் கம்பிப் பின்னல் பாலம் போட்டதும் அதன் வழியே மின்சாரம் ஓடி, சிக்னலோடு கலக்கிறது. சோதனை சுலபம்: ரெக்கார்டர் முனையில் கம்பியைக் கழற்றி, அதே கேமராவை இடத்திலேயே ஒரு சிறிய பேட்டரி மானிட்டரில் மாட்டுங்கள். பட்டை போய்விட்டால் எர்த் சுற்றேதான். தீர்வு, தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர். மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை வெட்டிவிட்டு "சரியாப் போச்சு" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஹம்மிங் போகும், மைக்கைப் பிடிக்கிற மனிதனும் போக வாய்ப்பு உண்டு. செய்யாதீர்கள்.

கோயில் கொடை மைக் செட்டில் இது வருடா வருடம் வரும் விருந்தாளி. மேடை மைக் கம்பியும் சீரியல் செட் விளக்குக் கம்பியும் ஒரே மூங்கிலில் கைகோத்துப் போகும். இரண்டு உள்கம்பி, ஒரு பின்னல் கொண்ட சமநிலைக் கம்பி இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்: ஒரே சிக்னல் ஒரு கம்பியில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகும், விளக்கின் தொந்தரவு இரண்டிலும் ஒரே மாதிரி ஏறும், எதிர்முனையில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் தொந்தரவு ரத்து, சிக்னல் இரட்டிப்பு. வீட்டு இன்டர்நெட் கம்பிக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கி வைத்திருப்பதும் இதே சூத்திரம்தான்.

டிஜிட்டலில் ஹம்மிங் கேட்கவே கேட்காது. மிக மோசமாகும்போது மட்டும் படம் உடையும், அப்போதும் காரணத்தைச் சொல்லாது.

கட்டம் கட்டமாக உடைகிறது, நின்று நின்று போகிறது

இப்போது எல்லாரும் கொண்டுவரும் புகார். மேலே சொன்ன எதுவும் காரணமாக இருக்கலாம் என்பதுதான் சங்கடம்.

உடைவதற்கு முன் பாக்ஸ் எவ்வளவு போராடுகிறது என்று தெரிந்தால் அதன்மேல் மரியாதை வரும். பழைய ஏட்டுச்சுவடியில் ஓர் எழுத்தைச் செல் அரித்திருந்தால், எதுகையையும் தளையையும் வைத்து விடுபட்ட எழுத்து இதுதான் என்று பதிப்பாசிரியர்கள் கண்டுபிடிப்பார்கள். வெண்பாவின் கட்டுக்கோப்பே காணாமல் போனதைக் காட்டிக்கொடுக்கும். டிஜிட்டல் ஒளிபரப்பில் அந்தக் கட்டுக்கோப்பை வேண்டுமென்றே சேர்த்து அனுப்புகிறார்கள். 188 பைட் கொண்ட ஒவ்வொரு பொட்டலத்துக்கும் 16 பைட் துணை. ரீட், சாலமன் என்ற இருவர் 1960இல் சொன்ன கணக்கு. 204இல் எந்த 8 பைட் கெட்டாலும் பெட்டி தானே திருத்திக்கொள்ளும். ஒன்பதாவது கெட்டால் பொட்டலமே குப்பை. படிப்படியாகக் கெடாமல் ஒரேயடியாக விழுவது இதனால்தான். போன பொட்டலத்தை நம்பியிருந்த அடுத்த சில படங்களும் சேர்ந்து கெடுவதால், சதுரங்கள் அரை நொடி வரை அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும்.

எப்போது உடைகிறது என்று கேளுங்கள். எப்படி என்பதைவிட அதில் துப்பு அதிகம்.

மழையில் மட்டும், டிஷ்ஷில்: கு-பட்டை அலை 10.7 முதல் 12.75 கிகாஹெர்ட்ஸ். அதன் அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் சொச்சம், மழைத்துளிக்குச் சரியான தீனி. 36,000 கிலோமீட்டர் தாண்டி வந்தது கடைசி ஐந்து கிலோமீட்டரில் கரைந்துவிடும். கொட்டும் மழையில் போனால் விதி. தூறலுக்கே போனால் டிஷ் நுனியளவு விலகியிருக்கிறது. வெயில் நாளில் தரம் எண்ணைப் பார்த்தபடி மறுபடி நிறுத்துங்கள்.

மழை விட்டு இரண்டு நாள் கழித்தும் சரியாகவில்லை: மேகம் இல்லை, கனெக்டருக்குள் தண்ணீர். கம்பி வீட்டுக்குள் நுழையும் முன் ஒரு தொங்கல் விட்டிருக்கிறார்களா பாருங்கள். தொங்கல் இருந்தால் தண்ணீர் அங்கே சொட்டிவிடும்.

மார்ச் நடுவாக்கிலோ செப்டம்பர் கடைசியிலோ, சில நாள்கள் மட்டும், பகலில் ஒரே நேரத்தில், சில நிமிடம்: சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நின்று தன் இரைச்சலைக் கிண்ணத்துக்குள் கொட்டுகிறது. ஒன்றையும் தொடாதீர்கள். அந்த நேரத்தில் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பியவர், சூரியன் நகர்ந்த பிறகு மெய்யாகவே படத்தை இழப்பார்.

மிக்ஸி, மோட்டார், பழைய டியூப்லைட் போடும்போது: பொறி. அனலாகில் கோடு கோடாகத் தெறிக்கும். பின்னல் சரியாகப் பிடிக்காத கனெக்டரைத் தேடுங்கள்.

எப்போதும், பலம் எண் உச்சத்தில் இருந்தும்: இதை நம்ப மறுப்பார்கள். சிக்னல் அதிகமாகிவிட்டது. ஆம்ப்ளிபயர் தன் எல்லையைத் தாண்டிக் கத்தும்போது சேனலும் சேனலும் கலந்து, இல்லாத அலைகளைப் பெற்றெடுக்கும். அவை இரைச்சலாக எல்லார் தலையிலும் விழும். புகார் வரும்போதெல்லாம் ஆம்ப்ளிபயரை ஒரு திருகு ஏற்றிவிட்டு வருகிற பழக்கத்தின் கூலி இது. 10 டெசிபெல் குறைக்கும் அட்டெனுவேட்டர் ஒன்றை நடுவில் மாட்டுங்கள். பலம் இறங்கி, தரம் ஏறினால் வழக்கு முடிந்தது.

குரல் கீச்சென்று கேட்கிறது, அல்லது "டிக் டிக்"

பதிவு செய்யும் நண்பர்களுக்காக. அலையை நொடிக்கு இத்தனை முறை என்று தொட்டுப் பார்த்து எண்ணாக்குவதுதான் டிஜிட்டல் ஒலி. சிடிக்கு 44,100 முறை, வீடியோவுக்கு 48,000, பழைய தொலைபேசி இணைப்பகத்துக்கு 8,000. 44,100இல் எடுத்ததை 48,000 என்று எண்ணி ஓட்டினால் பாட்டு ஒன்பது சதவீதம் வேகமாக ஓடி, சுருதி ஒன்றரை அரைச்சுரம், அதாவது முக்கால் கட்டை அளவு ஏறிவிடும். பாடகர் ஐந்து கட்டைக்காரர், கேட்பதோ ஆறை நெருங்குகிறது என்றால் அமைப்பில் இந்த எண்ணைச் சரிபாருங்கள்.

சீரான இடைவெளியில் "டிக்" என்றால் இரண்டு கருவிகளின் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. ஒன்றைத் தலைமைக் கடிகாரமாக்கி, மற்றதை அதைப் பின்பற்றச் செய்யுங்கள். உரக்கப் பேசும்போது மட்டும் கரகரப்பு என்றால் எண் உச்சியில் முட்டிவிட்டது. அனலாக் டேப் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், டிஜிட்டல் தலையைச் சீவிவிடும். பிறகு ஒலியைக் குறைத்தால் சீவிய தலை திரும்ப முளைக்காது. மைக் முனையிலேயே குறைக்க வேண்டும்.

இன்டர்நெட் 100இல் முட்டி நிற்கிறது. ஃபைபரில் சிவப்பு விளக்கு

சுருக்கமாக. கிகாபிட் வேகத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். 100க்குத் தேவைப்படாத இரண்டு ஜோடியில் ஒன்று அறுந்தால் கருவிகள் இரண்டும் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிச் சமாதானமாகிவிடும். புகார் செய்யாத கோளாறு. கிரிம்ப் செய்த எட்டு முனைகளையும் டெஸ்டரில் பாருங்கள். ஃபைபரில் சிவப்பு விளக்கு என்றால் ஒளியே வரவில்லை, அல்லது மிக மங்கல். மைனஸ் 27 டெசிபெல் மில்லிவாட்டைத் தொட்டுவிட்டால் விளிம்பில் நிற்கிறீர்கள். பீரோவை நகர்த்தினீர்களா என்று முதலில் கேளுங்கள், பாதி நேரம் கம்பி அதன் காலடியில் மடிந்திருக்கும். பச்சை முனை கனெக்டரை நீல முனையில் செருகியிருக்கிறார்களா என்பது அடுத்த கேள்வி.

நாம் போனால் மட்டும் நன்றாக இருக்கிறது

டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விடுகிற குழந்தை மாதிரி. படத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் பெட்டி பிழைகளைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. திருத்திய பிழை எண்ணிக்கையைக் காட்டும் பக்கம் மீட்டரில் இருக்கும், பல பாக்ஸிலும் இருக்கும். அதைத் திறந்து வைத்து ஒருவர் பார்க்கட்டும். இன்னொருவர் கம்பத்திலிருந்து வீடு வரை ஒவ்வொரு கனெக்டரையும் மெதுவாக அசைக்கட்டும், ஒவ்வொன்றுக்கும் பத்து நொடி. படம் அசையாமல் இருக்கும்போதே ஓரிடத்தில் எண் மட்டும் எகிறும். கை அங்கேயே நிற்கட்டும். அந்தக் கனெக்டரை வெட்டிப் போட்டுவிட்டுப் புதியதைப் போடுங்கள்.